சொல்லிக்கொள்ளக் காத்திருந்த நிழல்

எங்கள் சுனைக்கல்பட்டியில் காட்டைப் பராமரிக்கப் பயிற்சி முகாம் நடந்த அந்த வருஷம், மாசி பிறந்து வெயில் பல்லைக் காட்டத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலையில், காட்டு மரங்களின் நிழலெல்லாம் மரத்தை விட்டு இறங்கி, மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளைப் போல ரோட்டோரமாகவே நடந்து வந்து, சமுதாயக்கூடத்தில் பெண்கள் பக்கமாக உட்கார்ந்தன. வந்ததில் அதிசயமில்லை. முறையாக அழைத்தால் யாரும் வரத்தானே செய்வார்கள். அழைத்தது நாங்கள்தான்.

அதற்கு முந்திய முகாமுக்கு ஆள் சேரவில்லை. டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வரும் மேகலா என்கிற பொண்ணு, காடுகளைக் காப்பாற்றும் ஏதோ ஒரு சங்கத்தில் வேலை, பாவம், ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்தாள். வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், அதிலும் பாதிப்பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். நெல்லிக்காய் பறிக்கக் கிளையோடு வெட்டாதீர்கள், காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குங்கள், பங்குனிக்கு முன்னால் காட்டோரம் சருகைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை போடுங்கள் என்று அவள் சொன்னதெல்லாம் காலி நாற்காலிகளில் பட்டுத் திரும்பி வந்தது.

"நோட்டீஸைப் பாத்து யாரு தாயி வருவா" என்றாள் எங்கள் வார்டு மெம்பர் வெள்ளத்தாயி அக்கா. "சொந்த மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கே வெத்தலை பாக்கு வைக்கலைன்னா வாசப்படி மிதிக்காத ஊரு இது."

"அப்ப என்னக்கா செய்யணும்?"

"நீ டீக்குச் சொல்லு. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

எங்கள் ஊரில் எந்த விசேஷமானாலும் முதல் தட்டு காட்டு எல்லையில் இருக்கும் கன்னிமார் கல்லுக்குத்தான். ஏழு கல்லுக்கும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு வைத்து, 'வீட்டோட வந்துருங்க, ஒருத்தரையும் விட்டுறாதீங்க' என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் அழைக்கத் திரும்புவோம். வெள்ளத்தாயி அக்கா வாய்ப்பழக்கத்தில் அன்றைக்கும் அதையேதான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று சூடம் காட்டினேன். கல்யாணம் காதுகுத்து என்றால் கன்னிமார் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். இதுவோ காட்டுக்கே நடக்கிற விசேஷம், தன் வீட்டு விசேஷத்துக்கு யார்தான் தனியாகக் கிளம்புவார்கள், காடு வீட்டோடு புறப்பட்டுவிட்டது. மரங்களுக்குக் கால் மண்ணில் புதைந்திருப்பதால் அவை நின்றுகொண்டன, நிழல்கள் வந்தன.

நிழல்களோடு ஊரும் வந்துவிட்டது. வெற்றிலை வைத்து அழைத்த பிறகு வராமல் இருக்க முடியுமா. கூடம் நிரம்பி, வாசல் நிரம்பி, உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கி, வேங்கை மரத்தின் வாசனை ஒரு பக்கமும் கடுக்காயின் துவர்ப்பு ஒரு பக்கமும் பரவி நிற்க, மேகலா ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி எல்லோரையும் பார்த்தாள். பிறகு, "பின்னால இருக்கவங்களுக்குக் கேக்குதா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தாள். டீ வந்தபோது இவர்களுக்கு என்ன கொடுப்பது என்று அவள் தயங்கினாள்.

"நிழலு டீ குடிக்குமா? வாளியில தண்ணி வையி" என்றாள் வெள்ளத்தாயி அக்கா. வைத்தோம். முகாம் முடிவதற்குள் வாளிகள் காலியாகியிருந்தன.

பொழுது சாய்ந்தும் விருந்தாளிகள் எழுந்திருக்கவில்லை. திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பங்கிட்டுக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம், அதனால் யாரும் யாரையும் கேட்காமலே அப்படிச் செய்தோம். நெல்லி நிழல் எங்கள் வீட்டுக்கு வந்தது, சின்னச் சின்ன ஓட்டைகளோடு சல்லடை மாதிரி இருக்கும், அடுப்படிக்கு வெளியே படுத்துக்கொண்டது. வேங்கைக்கு மட்டும் மூன்று வீடுகள் போட்டி போட்டன. புளிய நிழலை யாரும் கூப்பிடவில்லை, அதில் படுத்தால் பேய் அமுக்கும் என்று பயம். அது வாசலிலேயே தலைகுனிந்து நின்றதைப் பார்த்து வெள்ளத்தாயி அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"நீ வா சாமி என்கூட. என்னை அமுக்குற பேய் இனிமேத்தான் பொறந்து வரணும்."

ஒரு நிழல் மட்டும் யார் அழைப்புக்கும் நிற்காமல், தெருவின் கடைசியில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுப் போட்ட வீட்டுக்குள் தானாகவே போய் நுழைந்தது. அது சுனைக்கு மேலே நிற்கும் நாவல் மரத்தின் நிழல், கூட்டத்திலேயே பெரியது, கறுத்துச் செழித்தது. அந்த வீடு நாச்சம்மா மதனியின் வீடு.

நாச்சம்மா மதனியின் வீட்டுக்காரர் சின்னழகு அண்ணன் இளவட்டத்திலிருந்தே சுண்ணாம்புக் காளவாசலில் தீப்போட்டவர். வேலையை விட்டு வந்த பிறகும் காளவாசலின் சூடு அவர் உடம்பை விட்டு வரவில்லை. ஈரச்சாக்கை முதுகில் போட்டால் ஆவி கிளம்பும். பக்கத்தில் வைத்த வெற்றிலை வாடிவிடும். டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரையும் சூட்டில் இளகியது. பகலில் அந்தச் சீட்டுக்குக் கீழே படுக்கவும் முடியாமல் வெளியே இறங்கி நடக்கவும் முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்தே இருப்பார். அவர் கண்ணயர்ந்து தூங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது என்று மதனி என்னிடம் சொல்லும்போதெல்லாம் நான் அவருக்காகவும் ஒரு விளக்கு போடுவேன்.

நாவல் நிழல் உள்ளே போய், அவரைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பதுபோல் வட்டம் வந்து, அவர் மேலேயே படுத்தது. சின்னழகு அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். அப்படியே சாய்ந்தார். தூங்கிவிட்டார்.

மறுநாளும் தூங்கினார். மதனி எழுப்பிக் கஞ்சி கொடுத்தால் கண்ணை மூடியபடியே குடித்துவிட்டு மறுபடியும் தூங்குவார். அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன், மழைக்காலத்துப் பானையைத் தொட்டது போல் இருந்தது. மதனி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "கன்னிமார் கண்ணைத் தொறந்துட்டாங்கடி" என்றாள்.

ஊரும் நிழல்களோடு பழகிவிட்டது. மிளகாய் காயப்போடப் பெண்கள் நிழலைப் பாய்போல ஒருபக்கம் சுருட்டி வைத்தார்கள், சாயங்காலம் விரித்துவிட்டார்கள். பஸ் டிரைவர் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டிய இடத்தில் ஆத்தி நிழலுக்காகப் பத்து நிமிஷம் நின்றார், அதனால் அக்கம்பக்கத்து ஊர்களில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். வேங்கை நிழல் இருந்த வீட்டில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகள் மறுபடியும் பேசத் தொடங்கினார்கள். புளிய நிழல் வெள்ளத்தாயி அக்காவின் பின்னாலேயே பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் போய்வந்தது, அவள் அதைத் திட்டிக்கொண்டே முன்னால் நடப்பாள்.

காடு நிற்கும் மலையை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. விருந்தாளியை வீட்டில் வைத்துக்கொண்டு விருந்தாளியின் வீடு எப்படி இருக்கிறது என்று யார் நினைக்கிறார்கள்.

பார்த்தவள் மேகலா. அடுத்த முகாமுக்கு வந்தவள், ஊருக்குள் வருவதற்கு முன்னால் காட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு, முகமெல்லாம் சிவந்து வந்து நின்றாள்.

"அக்கா, மரமெல்லாம் நிக்குது, அடியில வெயில் நேரா இறங்குது. சருகு அப்பளம் மாதிரி நொறுங்குது. சுனையில தண்ணி கைப்பிடி அளவு ஆயிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல பங்குனி. ஒரு பீடி போதும்க்கா."

எங்கள் குழாயில் வரும் தண்ணீர் அந்தச் சுனையின் தண்ணீர்தான். கூடத்துச் சுவரோரமாக உட்கார்ந்திருந்த நிழல்களும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

"போகச் சொல்லுங்க" என்றாள் மேகலா.

"எதை வேணும்னாலும் சொல்லு தாயி, அதை மட்டும் சொல்லாத" என்றாள் வெள்ளத்தாயி அக்கா. "வீட்டுக்கு வந்தவங்களைப் பாத்துக் கிளம்புன்னு சொல்ல எந்த வாயி வரும்?"

"அவங்களுக்கும் போகணும்னு இருக்காதா?"

"இருக்கும். நாமதான் முறை செய்யல. வெத்தலை வச்சு அழைச்சோம், தாம்பூலம் குடுத்து வழியனுப்பினோமா? முகாம் முடிஞ்சதும் நீ பாட்டுக்குச் சான்றிதழ் குடுத்த, எல்லாரும் கைதட்டினோம். சான்றிதழை வச்சுக்கிட்டு அதுங்க எப்படி ஊருக்குத் திரும்பும்?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அன்றைக்கே தேங்காயும் மஞ்சளும் வெற்றிலை பாக்கும் வாங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தாம்பூலம் வைத்தோம். நிழல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வீட்டில் இருக்கும் பெரியவர் சிறியவர் ஒருவர் விடாமல் அவரவர் பாதத்தின் மேல் குளிர்ச்சியாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டன. நெல்லி நிழல் என் காலில் ஏறியபோது, கட்டிக்கொடுத்த என் மகள் பஸ் ஏறும்போதெல்லாம் சொல்கிற மாதிரியே 'பாத்துப் போ' என்று இரண்டு தரம் சொன்னேன். புளிய நிழல் வெள்ளத்தாயி அக்காவின் காலில் மூன்று தரம் ஏறி இறங்கியது. "போதும் போதும், இருட்டுறதுக்கு முன்ன வீடு போய்ச் சேரு" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலைச்சரிவு அடியிலிருந்து மெதுவாகக் கறுத்துக்கொண்டே போனது, கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற மாதிரி.

சுனையைச் சுற்றி மட்டும் கறுக்கவில்லை. நாவல் நிழல் போகவில்லை.

மதனியும் தாம்பூலம் வைத்திருந்தாள். நிழல் எழுந்தது. அவள் பாதத்தில் சொல்லிக்கொண்டது. வாசற்படி வரைக்கும் போனது. திரும்பி வந்து, தூங்கிக்கொண்டிருந்த சின்னழகு அண்ணனின் காலடியில் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. அது மறுபடியும் அவர் மேலேயே படுத்துக்கொண்டது.

வீட்டு ஆம்பளையிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போகும். எங்கள் பக்கம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது இழவு வீட்டில் மட்டும்தான். நிழல் அப்படி எழுந்து போனால் அந்த வீட்டை அது என்ன வீடாக நினைத்தது என்று ஆகும்? அது முறை தெரிந்த நிழல். அவர் விழித்தால் அது சொல்லிக்கொண்டு போய்விடும். அது மேலே படுத்திருக்கும் வரைக்கும் அவர் விழிக்க மாட்டார். கஞ்சிக்கு எழுப்புவது ஒரு எழுப்பு, கண் திறக்க எழுப்புவது வேறு. அதை மதனிதான் செய்ய வேண்டும்.

"நான் எழுப்ப மாட்டேன்" என்றாள் மதனி என்னிடம். கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். "ஊரு என்னைக் கரிச்சுக் கொட்டட்டும். இந்த மனுசன் தூங்கி நான் பாத்ததில்லை. கல்யாணமாகி நான் வந்தப்பவே காளவாசல் சூட்டோடதான் இருந்தாரு. இவரு தூங்குறப்ப இவரு மூஞ்சி இப்படி இருக்கும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் யாரும் அவளைக் கரித்துக் கொட்டவில்லை. குழாயில் தண்ணீர் நூலாகி, பிறகு சொட்டாகியது. குடங்கள் வரிசையில் நின்றன. மதனி குடத்தோடு வந்தால் வரிசை பேசாமல் விலகி அவளுக்கு முன்னால் இடம் கொடுத்தது, நோயாளி இருக்கிற வீடு என்று. அவள் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் அதில் தண்ணீருக்குப் பதிலாகக் கல் இருப்பது போல் இருக்கும். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

மேகலா ஒருநாள் எழுப்பலாம் என்றுதான் அந்த வீட்டுக்கு வந்தாள். உள்ளே போய் அண்ணனைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை நெஞ்சில், பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையைப் போல் கிடந்தார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து, "இன்னைக்கு வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள், ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் கேட்கும் என்று.

பங்குனியில் பயந்தது நடந்தது. சுனைக்கு மேல்புறம் புகை எழுந்தது. ஆணும் பெண்ணும் ஓடினோம், முகாமில் சொல்லிக்கொடுத்தபடி பச்சைத் தழையைக் கட்டி அடித்தோம், முன்னால் ஓடிச் சருகைச் செதுக்கினோம். மற்ற மரங்களின் நிழலுக்குள் வந்ததும் தீ தடுமாறியது, ஈரத்தில் கால் வைத்த பூனை மாதிரி பின்வாங்கியது. நாவல் மரத்தின் அடியில் மட்டும் அதற்கு ஒரு தடையுமில்லை. அங்கேதான் நாங்கள் எல்லோரும் நின்று அடித்தோம். மரம் பிழைத்தது, ஒரு பக்கம் பட்டை கருகிப்போனது. அதன் அடியில் எங்கள் நிழல்கள் மட்டும் ஒல்லியாக விழுந்து கிடந்தன. மதனியும் என் பக்கத்தில் நின்றுதான் அடித்தாள். அடித்து முடித்ததும் அந்தக் கருகிய பட்டையில் கைவைத்தாள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அவரு முதுகு மாதிரியே சுடுது" என்றாள்.

திரும்பும் வழியில் கன்னிமார் கல்லில் நின்றோம். சூடம் இல்லை, கைகூப்பினோம். நான் என்ன கேட்பது என்று தெரியாமல், தாயே நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். மதனி ஒன்றும் கேட்டமாதிரி தெரியவில்லை. முகத்தில் கரியோடு நின்றாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள், நான் பின்னால் ஓடினேன்.

வீட்டில் நாவல் நிழல் வாசற்படியில் வந்து நின்றுகொண்டிருந்தது. புகை வாசனை அதற்கும் வந்திருக்கும். முன்பு கறுத்துச் செழித்திருந்தது இப்போது துவைத்துத் துவைத்து நைந்த சேலைபோல் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் அண்ணன் காலடியில் நின்றது. படுக்கவில்லை. அப்படியே நின்றது.

மதனி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தை ஒருதரம் முழுசாகப் பார்த்தாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவதற்கு முன்னால் நாங்களெல்லாம் பார்ப்போமே, அந்த மாதிரி. தோளைத் தொட்டாள்.

"ஏங்க. எந்திரிங்க. விருந்தாளி கிளம்புறாங்க."

சின்னழகு அண்ணன் கண்ணைத் திறந்தார். காலடியில் நின்ற நிழலைப் பார்த்தார், மதனியின் கரி முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா நிக்க வச்சிருக்க?" என்றார்.

"கொஞ்ச நாளா."

"கூறுகெட்டவளே. என்னை முன்னாடியே எழுப்புறதுக்கு என்ன?" எழுந்து உட்கார்ந்தார். நிழல் அவர் பாதத்தில் ஏறியது. அது இறங்குவதற்குள் அவர், "இரு இரு" என்றார். "அந்தச் சட்டையை எடு நாச்சம்மா."

"சட்டை எதுக்கு?"

"வாசப்படியோட நின்னு அனுப்பினா அதுக்குப் பேரு வழியனுப்புறதா? அத்தனை நாளு நம்ம வீட்டுல இருந்துருக்கு."

வாசலைத் தாண்டாத மனுஷன் தெருவில் இறங்கினார். நிழல் அவர் தலைக்கு மேலே தாழ்ந்து, அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, பக்கத்திலேயே வந்தது. மதனி தாம்பூலத் தட்டோடு ஒரு பக்கம். தெருவில் குடத்தோடு நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பின்னால் சேர்ந்தார்கள். வெள்ளத்தாயி அக்கா, "மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கு, மேளம்தான் இல்லை" என்றாள். யாரோ சிரித்தார்கள். மலையேறும் இடத்தில் அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அவர் உட்கார்ந்தபோதெல்லாம் நிழலும் உட்கார்ந்தது.

நாவல் மரத்தடி வந்ததும் நிழல் அவரை விட்டுப் பிரிந்து தன் இடத்தில் படுத்தது. கருகிய பட்டையின் மேல் ஒரு காற்று வந்தது. நாங்கள் சுனையையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து மணல் மெதுவாக நிறம் மாறியது, ஒரு கல்லின் அடியில் கண் கசிவதுபோல் தண்ணீர் கசிந்தது.

சின்னழகு அண்ணன் அந்த வேரிலேயே உட்கார்ந்தார். வெயிலில் மலையேறி வந்த சூடு அவர் உடம்பிலிருந்து ஆவியாக எழுந்து மேலே போய் இலைக்குள் மறைந்தது. "நான் செத்த நேரம் இங்க இருந்துட்டு வாரேன்" என்றார். மதனி சரியென்று தலையசைத்தாள்.

அந்தச் 'செத்த நேரம்' இன்னும் முடியவில்லை. விடிந்ததும் தூக்குவாளியோடு ஏறுவார், வெயில் தாழ்ந்ததும் இறங்குவார். இறங்கி வீட்டில் படுத்தால் இப்போதும் சூடுதான், மதனி ஈரச்சாக்கை நனைக்கத்தான் செய்கிறாள். ஆனால் நாளைக்கு மலைக்குப் போகலாம் என்று இருக்கிறவரின் சூடு கொஞ்சம் பொறுக்கக்கூடியது என்கிறாள். ஊர் அவரையே தீக்காவலுக்கு வைத்துவிட்டது. தூங்குகிறவரையா காவலுக்கு வைப்பது என்று கேட்டதற்கு, "தீயோட குடும்பம் நடத்தினவரு, புகை கிளம்புனா தூக்கத்துலயே எந்திரிச்சுருவாரு" என்றாள் வெள்ளத்தாயி அக்கா. அப்படி இரண்டு தரம் எழுந்தும் இருக்கிறார்.

அடுத்த முகாமுக்கு அழைக்க மதனிதான் தட்டை எடுத்துக்கொண்டு கன்னிமார் கல்லுக்குப் போனாள். மஞ்சள் தடவி, வெற்றிலை வைத்து, "நீங்க சிரமப்படாதீங்க, இந்தத் தடவை நாங்க வீட்டோட வாரோம்" என்றாள். அதனால் முகாம் நாவல் மரத்தடியில் நடந்தது. உண்ணிச்செடி பிடுங்கினோம், தீத்தடுப்புப் பாதையைச் செதுக்கி முடித்தோம், கருகிய பக்கத்துக்குச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசினோம். புளிய நிழல் இருக்கிற இடத்தில் போய் வெள்ளத்தாயி அக்கா உட்கார்ந்துகொண்டாள். மேகலா வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் பேசினாள், ஏனென்றால் சின்னழகு அண்ணன் வேரில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

முகாம் முடிந்தது. டீயும் பன்னும் முடிந்தது. கடைசி பஸ்ஸுக்கு ஆள் போக வேண்டும், ஆடு அடைக்க வேண்டும், எனக்கு வீட்டில் விளக்கேற்ற வேண்டும். மேகலா ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். எழுந்தவர்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள், மதனியைப் பார்த்தார்கள். மதனி அவர் முகத்தில் உட்கார வந்த ஒரு ஈயைக் கையால் விரட்டினாள்.

மேகலா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். இன்றைக்கு நாவல் மரத்தடிதான் நாங்கள் வந்த வீடு, அந்த வீட்டு ஆம்பளை அவர்தான். எழுந்திருக்கட்டும், சொல்லிக்கொண்டு போகலாம் என்று ஊர் மொத்தமும் அந்த நிழலில் காத்திருந்தது.